டேட்டாபேஸ் எழுதும் கடிதம்



டேட்டாபேஸ் லேபில் நாம் பழகுவது பெரும்பாலும் ஒரே ஒரு வேலைதான். 'செலக்ட்' என்று நாம் கேட்போம், அது பதில் சொல்லும். கேட்காவிட்டால் சும்மா இருக்கும். ஒர்க்‌ஷாப் ஸ்டோரில் டிரில் பிட் தீர்ந்துபோனாலும் சரி, மைக்ரோமீட்டரின் கேலிப்ரேஷன் தேதி தாண்டிப்போனாலும் சரி, அந்த விவரம் டேபிளில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். யாராவது போய்ப் பார்க்கிறவரைக்கும் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. 'எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கு சார்' என்பதும் 'யாருக்கும் தெரியாது சார்' என்பதும் சில சமயம் ஒரே அர்த்தமாகிவிடுகிறது.

இதற்கு ஒரு வழி, நாம் கேட்கும்வரை காத்திராமல் டேட்டாபேஸே நமக்கு மின்னஞ்சல் போடும்படி செய்வது. இருப்பு குறைந்தால் ஸ்டோர் கீப்பருக்கு ஒரு மெயில். தேதி தாண்டினால் பொறுப்பாளருக்கு ஒரு மெயில். இரவு பேக்கப் எடுக்கும் வேலை தோற்றால் நிர்வாகிக்கு ஒரு மெயில். கேட்க எளிமையாக இருக்கிறது, இல்லையா? செய்யவும் எளிமைதான். ஆனால் சரியாகச் செய்ய மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும். எப்போது எழுதுவது? யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது? போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மூன்றாவது கேள்வியைக் கவனிக்காததால் 2017-ல் ஒரு நிறுவனம் பட்ட பாட்டையும் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

1. இரண்டு வேறு உலகங்கள்

ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த எட்கர் காட், ரிலேஷனல் மாடல் பற்றிய தன் புகழ்பெற்ற கட்டுரையை 1970-ல் வெளியிட்டார். மறு ஆண்டே, அதாவது 1971-ல், ரே டாம்லின்சன் ஆர்பாநெட் வழியாக ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காட்டினார். ஏறக்குறைய ஒரே வயதுடைய இந்த இரண்டு கண்டுபிடிப்புகளும் குணத்தில் நேர் எதிர்.

டேட்டாபேஸின் பலம் டிரான்சாக்‌ஷன். ஒரு வேலை முழுசாக நடக்கணும், இல்லாவிட்டால் நடக்கவே கூடாது. பாதியில் கரண்ட் போனாலும், தவறு நேர்ந்தாலும், 'ரோல்பேக்' சொன்னால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். 'கமிட்' சொன்ன பிறகுதான் அது நடந்ததாகக் கணக்கு.

மின்னஞ்சலுக்கு அந்த வசதி கிடையாது. தபால் பெட்டியில் போட்ட கடிதம் மாதிரிதான். கை விட்டால் போச்சு, திரும்ப எடுக்க முடியாது. மெயிலுக்கு ரோல்பேக் இல்லை. இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால், மீதிப் பாடம் தானாகவே புரியும்.

2. முதலில் தோன்றும் யோசனை

ஒர்க்‌ஷாப் ஸ்டோரையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 'சரக்கு' என்று ஒரு டேபிள். அதில் எண், பெயர், இருப்பு, குறைந்தபட்ச அளவு ஆகிய நான்கு காலம்கள். பொருள் எண் 114 என்பது 5 மி.மீ. டிரில் பிட். இருப்பு 22, குறைந்தபட்ச அளவு 20. ஒரு மாணவர் 3 பிட் வாங்கிப் போகிறார். ஸ்டோர் கீப்பர் இப்படிப் பதிவு செய்கிறார் (நம் மலரின் வசதிக்காகக் கட்டளையைத் தமிழில் எழுதுகிறேன்):

அப்டேட் சரக்கு செட் இருப்பு = இருப்பு - 3 வேர் எண் = 114

இருப்பு 19 ஆகிறது. எச்சரிக்கை போகணும். உடனே நமக்குத் தோன்றுவது என்ன? 'சரக்கு டேபிளில் ஒரு டிரிகர் வைப்போம். இருப்பு 20-க்குக் கீழே போனால் அந்த டிரிகரே மெயில் சர்வரைக் கூப்பிட்டு மெயிலை அனுப்பிவிடட்டும்.' லேபில் இது அழகாக வேலை செய்யும், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் நிஜமான வேலை இடத்தில் மூன்று வகையில் காலை வாரிவிடும்.

முதலாவது, பொய் மெயில். டிரிகர் என்பது அதே டிரான்சாக்‌ஷனுக்குள்தான் ஓடுகிறது. மெயில் போன பிறகு அந்த டிரான்சாக்‌ஷன் வேறு காரணத்தால் ரோல்பேக் ஆனால்? டேபிளில் இருப்பு மறுபடியும் 22. ஆனால் ஸ்டோர் கீப்பர் கையில் '19தான் இருக்கு' என்று ஒரு மெயில். ஆரக்கிளில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே நேரத்தில் இருவர் அதே வரியை மாற்ற முயன்றால், சில சந்தர்ப்பங்களில் அது ஒரு கட்டளையைத் தானே முதலிலிருந்து மீண்டும் ஓட்டும். அப்போது டிரிகரும் இரண்டாம் முறை ஓடும். டேபிளில் ஒரு மாற்றம்தான் இருக்கும், மெயில் இரண்டு போயிருக்கும்.

இரண்டாவது, காத்திருப்பு. மெயில் சர்வர் பதில் சொல்லத் தாமதமானால் டிரிகர் காத்திருக்கும். டிரிகர் காத்திருந்தால் டிரான்சாக்‌ஷன் காத்திருக்கும். அது பிடித்துவைத்திருக்கும் லாக்கும் அப்படியே நிற்கும். எவ்வளவு நேரம்? மின்னஞ்சல் விதிகளைச் சொல்லும் ஆர்.எப்.சி. 5321 என்ற 2008-ம் ஆண்டு ஆவணம், சர்வரின் முதல் வணக்கத்துக்கு 5 நிமிடமும், கடிதத்தை முடித்த பின் வரும் கடைசிப் பதிலுக்கு 10 நிமிடமும் பொறுத்திருக்கச் சொல்கிறது. ஒரு டிரில் பிட்டுக்காக ஸ்டோர் கவுண்டரில் வரிசை பத்து நிமிடம் அசையாமல் நின்றால் எப்படி இருக்கும்!

மூன்றாவது, இதைவிட மோசம். மெயில் சர்வர் செத்துக் கிடந்தால் டிரிகரில் எர்ரர் வரும். டிரிகரில் எர்ரர் வந்தால் முழு டிரான்சாக்‌ஷனும் தோற்கும். அதாவது, மெயில் போகாத காரணத்தால் பிட் கொடுத்ததையே பதிவு செய்ய முடியாது. செய்தி சொல்லப்போன ஆள் வழியில் விழுந்ததற்காக வீட்டில் நடந்த காரியமே நடக்கவில்லை என்று ஆகிவிடுகிறது.

3. மெயில் சர்வர்கள் எப்படிப் பேசிக்கொள்கின்றன?

சரியான வழிக்குப் போகும் முன், எதிர்ப்பக்கம் என்ன நடக்கிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம். மெயில் அனுப்பும் முறைக்கு எஸ்.எம்.டி.பி. என்று பெயர். ஜான் போஸ்டல் எழுதிய ஆர்.எப்.சி. 821 என்ற ஆவணமாக 1982 ஆகஸ்டில் வந்தது. அது இரண்டு மனிதர்கள் பேசிக்கொள்வது போன்ற ஓர் எளிய உரையாடல்தான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூன்று இலக்க எண் ஒன்று பதிலாக வரும்.

தொடர்பு கிடைத்ததும் சர்வர் 220 என்கிறது: 'தயார்.' நாம் நம் பெயரைச் சொல்கிறோம். 250: 'சரி.' அனுப்புநர் முகவரி தருகிறோம். 250. பெறுநர் முகவரி தருகிறோம். 250. 'டேட்டா' என்கிறோம். 354: 'ஆரம்பிக்கலாம்.' கடிதத்தை எழுதி, கடைசியில் தனி வரியில் ஒரே ஒரு புள்ளி வைக்கிறோம். அதற்கு 250 வந்தால், 'இந்தக் கடிதத்துக்கு இனி நான் பொறுப்பு' என்று அந்த சர்வர் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். பிறகு 'க்விட்', அதற்கு 221, தொடர்பு முடிந்தது.

இதில் நாம் குறித்துக்கொள்ள வேண்டியவை மூன்று.

ஒன்று: 4-ல் ஆரம்பிக்கும் பதில் தற்காலிகத் தடை. 'இப்ப முடியாது, அப்புறம் வா.' மறுபடி முயலலாம். 5-ல் ஆரம்பிக்கும் பதில் நிரந்தர மறுப்பு. முகவரியே இல்லை, அல்லது உங்களிடமிருந்து வாங்க மாட்டேன் என்று பொருள். அதே கடிதத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பயனில்லை. மனிதர் ஒருவர் பார்க்க வேண்டும்.

இரண்டு: புள்ளி வைத்த பிறகு, 250 நம் கைக்கு வருவதற்குள் லைன் அறுந்தால்? கடிதம் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். திரும்ப அனுப்பினால் இரண்டாக வரலாம், அனுப்பாவிட்டால் ஒன்றும் வராமலே போகலாம். இந்த இரட்டை மெயில் பிரச்சினைக்கென்றே 1988-ல் ஆர்.எப்.சி. 1047 என்று தனியாக ஓர் ஆவணம் எழுதப்பட்டது. ஆகவே 'கண்டிப்பாக ஒரே ஒரு முறை' என்ற உத்தரவாதம் மெயிலில் கிடையாது. எச்சரிக்கைக்கு இரண்டு முறை வருவது பரவாயில்லை, வராமல் போவதுதான் ஆபத்து.

மூன்று: 250 என்பது அடுத்த சர்வர் வாங்கிக்கொண்டது என்று மட்டும்தான் சொல்கிறது. உரியவர் படித்தார் என்று சொல்லவில்லை. அந்த சர்வருக்கு அடுத்த சர்வர் கிடைக்காவிட்டால், பொதுவாக 4, 5 நாள் வரைகூட முயன்றுகொண்டே இருக்கும். ஆகவே, சில நிமிடங்களுக்குள் ஆள் ஓடிவர வேண்டிய விஷயத்துக்கு மெயிலை மட்டும் நம்பக் கூடாது. தீ அலாரத்தை யாரும் தபாலில் அனுப்ப மாட்டோம் அல்லவா?

4. சரியான வழி: முதலில் பதிவு, பிறகு மெயில்

இப்போது விடைக்கு வருவோம். எச்சரிக்கை என்பது முதலில் டேபிளில் ஒரு வரி, அதற்குப் பிறகுதான் அது ஒரு மெயில். இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

'எச்சரிக்கை' என்று இன்னொரு டேபிள் போடுங்கள். அதில் இந்தக் காலம்கள் இருக்கட்டும்: எச்சரிக்கை எண், வகை, பொருள் எண், நிகழ்ந்த நேரம், நிலை, எத்தனை முயற்சி, அடுத்த முயற்சி எப்போது, சர்வர் சொன்ன கடைசிப் பதில். இருப்பு 19 ஆனதும் டிரிகர் செய்ய வேண்டியது இந்த டேபிளில் ஒரு வரி சேர்ப்பது மட்டும்தான். 'நிலை' காலத்தில் 'காத்திருக்கிறது' என்று இருக்கும். அவ்வளவுதான், டிரிகரின் வேலை முடிந்தது.

இதில் என்ன லாபம் என்று பாருங்க. வரி சேர்ப்பதும் அதே டிரான்சாக்‌ஷனுக்குள்தான் நடக்கிறது. ஆகவே ரோல்பேக் ஆனால் எச்சரிக்கையும் சேர்ந்தே மறையும், பொய் மெயில் போகாது. கமிட் ஆனால் எச்சரிக்கையும் சேர்ந்தே நிலைக்கும், கரண்ட் போனாலும் தொலையாது. மெயில் சர்வர் உயிரோடு இருக்கிறதா என்ற கவலை ஸ்டோர் கவுண்டருக்கு இல்லவே இல்லை.

அனுப்புவதற்குத் தனியாக ஒரு புரோகிராம். அதைத் தபால்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஒரு முறை வருவார். 'காத்திருக்கிறது' என்றுள்ள வரிகளில் நேரம் வந்தவற்றை எடுத்து, 'எடுத்தாச்சு' என்று மாற்றி கமிட் செய்வார். பிறகு மெயில் சர்வரோடு பேசுவார். 250 வந்தால் 'அனுப்பியாச்சு'. 4-ல் பதில் வந்தால் முயற்சி எண்ணிக்கையில் ஒன்று கூட்டி, அடுத்த நேரத்தைத் தள்ளிப் போட்டு, மறுபடி 'காத்திருக்கிறது'. 5-ல் வந்தால் 'தோல்வி', கூடவே சர்வர் சொன்ன பதிலையும் எழுதிவைப்பார்.

சில நுணுக்கங்கள்:

தபால்காரர் எடுத்த பிறகு பாதியில் விழுந்துவிட்டால் அந்த வரி 'எடுத்தாச்சு' என்றே கிடக்கும். ஆகவே நெடுநேரம் அப்படிக் கிடக்கும் வரிகளைத் திரும்பக் காத்திருப்புக்குக் கொண்டுவர ஒரு ஏற்பாடு வேண்டும். இதனால் அபூர்வமாக இரட்டை மெயில் வரலாம். சப்ஜெக்ட் வரியில் எச்சரிக்கை எண்ணைப் போட்டுவிட்டால், வாங்குபவருக்கு அது பழையதே என்று புரிந்துவிடும்.

இரண்டு தபால்காரர்கள் வேலை செய்தால் ஒரே வரியை இருவரும் எடுத்துவிடக் கூடாது. போஸ்ட்கிரெஸ் 9.5 பதிப்பில் வந்த 'ஸ்கிப் லாக்ட்' என்ற வசதி இதற்குப் பொருத்தம். ஒருவர் பிடித்த வரியை மற்றவர் காத்திராமல் தாண்டிப் போய்விடுவார்.

எஸ்.க்யூ.எல். சர்வரில் டிரிகர் ஒரு வரிக்கு ஒரு முறை ஓடாது, ஒரு கட்டளைக்கு ஒரு முறைதான் ஓடும். ஒரே கட்டளையில் 40 பொருள்கள் மாறினால் அந்த 40-ம் 'இன்சர்ட்டட்' என்ற தற்காலிக டேபிளில் சேர்ந்து வரும். ஒரு வரிதான் வரும் என்று நினைத்து எழுதிய டிரிகர், ஒரு பொருளுக்கு மட்டும் எச்சரிக்கை எழுதிவிட்டு மற்ற 39-ஐ விட்டுவிடும். நிறைய பேர் சறுக்கும் இடம் இது.

5. நேரம் போவதை டிரிகர் அறியாது

டேபிளில் மாற்றம் நடந்தால்தான் டிரிகர் விழிக்கும். மைக்ரோமீட்டர் கேலிப்ரேஷன் தேதி நேற்றோடு முடிந்தது என்றால், நேற்று நள்ளிரவில் டேபிளில் எந்த மாற்றமும் நடக்கவில்லை. காலண்டர்தான் மாறியது. அதற்கு டிரிகர் ஓடாது.

இப்படிப்பட்ட விஷயங்களுக்குக் குறித்த நேரத்தில் ஓடும் வேலை வேண்டும். எஸ்.க்யூ.எல். சர்வரில் ஏஜென்ட், ஆரக்கிளில் ஷெட்யூலர், யூனிக்ஸில் கிரான் என்று ஒவ்வொன்றிலும் ஒன்று உண்டு. தினம் காலை ஓடி, தேதி தாண்டியவற்றை எடுத்து, அதே எச்சரிக்கை டேபிளில் வரிகளாகச் சேர்க்கட்டும். அனுப்புவது அதே தபால்காரர்தான். எழுதுபவர் பலராக இருக்கலாம், கொண்டுபோகிறவர் ஒருவராக இருந்தால் போதும்.

6. கம்பெனிகள் இதே பாடத்தைக் கற்ற கதை

இந்த 'முதலில் பதிவு, பிறகு மெயில்' என்பது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் அனுபவமே இதற்குச் சாட்சி. எஸ்.க்யூ.எல். சர்வரில் முதலில் இருந்தது 'எஸ்.க்யூ.எல். மெயில்' என்ற வசதி. அதற்கு சர்வர் மெஷினிலேயே அவுட்லுக் போன்ற ஒரு மெயில் புரோகிராமை இன்ஸ்டால் செய்ய வேண்டும். மெயில் அனுப்பும் வேலையும் டேட்டாபேஸ் சர்வரின் உடம்புக்குள்ளேயே நடக்கும். அங்கே ஏதாவது கோளாறு என்றால் சர்வருக்கும் சேர்த்துத் தலைவலி.

2005 பதிப்பில் 'டேட்டாபேஸ் மெயில்' வந்தது. இதில் நாம் அனுப்பச் சொன்னதும் கடிதம் எம்.எஸ்.டி.பி. என்ற டேட்டாபேஸில் க்யூவில் போய் உட்காரும். டேட்டாபேஸ் சர்வருக்கு வெளியே தனியாக ஓடும் ஒரு புரோகிராம் அதை எடுத்து எஸ்.எம்.டி.பி. வழியாக அனுப்பும். நமக்குத் திரையில் வரும் பதில் 'மெயில் அனுப்பப்பட்டது' என்றில்லை, 'மெயில் க்யூவில் சேர்ந்தது' என்றுதான். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் பலர் ஏமாந்து போகிறார்கள். உண்மையில் என்ன ஆச்சு என்று தெரிய 'சிஸ்மெயில்' என்று ஆரம்பிக்கும் வியூக்களைத்தான் பார்க்க வேண்டும். பழைய எஸ்.க்யூ.எல். மெயில் 2012 பதிப்போடு நீக்கப்பட்டது.

ஆரக்கிளில் 'யூ.டி.எல். எஸ்.எம்.டி.பி.' என்ற பேக்கேஜ் உண்டு. இது நேராக மெயில் சர்வரோடு பேசும், ரோல்பேக்குக்குக் கட்டுப்படாது. ஆகவே இதை டிரிகரில் கூப்பிடாமல், கமிட் ஆன பிறகே ஓடும் ஒரு ஜாபில் வைப்பது அனுபவசாலிகளின் வழக்கம். போஸ்ட்கிரெஸ்ஸில் 'நோட்டிஃபை' என்று ஒரு கட்டளை. கமிட் ஆன பிறகுதான் இது செய்தியை வெளியே விடும், நல்ல விஷயம். ஆனால் அந்த நேரத்தில் கேட்க யாரும் இல்லாவிட்டால் செய்தி காற்றோடு போகும். ஆகவே அது தபால்காரரை எழுப்பும் காலிங் பெல்லாக இருக்கட்டும், கடிதம் டேபிளிலேயே இருக்கட்டும்.

7. எத்தனை மெயில்?

தினமும் 200 எச்சரிக்கை வந்தால் மனிதர் என்ன செய்வார்? முதல் நாள் படிப்பார். இரண்டாம் நாள் புரட்டுவார். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டருக்குத் தள்ள ஒரு விதி போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார். புலி வருது கதைதான்.

ஆகவே நிலைமைக்கு எச்சரிக்கை தராதீர்கள், நிலை மாறியதற்குத் தாருங்கள். 'இருப்பு 20-க்குக் கீழே இருக்கிறதா' என்று கேட்டால் 19, 18, 17 என்று ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு மெயில் போகும். 'பழைய இருப்பு 20 அல்லது அதற்கு மேல், புதிய இருப்பு 20-க்குக் கீழ்' என்று கேட்டால் கோட்டைத் தாண்டிய அந்த ஒரு முறை மட்டும் போகும்.

அதிலும் ஒரு சிக்கல். ஒருவர் ஒரு பிட்டைத் திருப்பித் தருகிறார், இருப்பு 20. இன்னொருவர் வாங்குகிறார், 19. மறுபடி மெயில். இப்படி ஒரு நாளில் பத்து முறை நடக்கலாம். இதற்கு மருந்து நம் ஃப்ரிட்ஜ் தெர்மோஸ்டாட்டில் இருக்கிறது. அது ஒரு டிகிரியில் ஆன் ஆகி, வேறு ஒரு டிகிரியில்தான் ஆஃப் ஆகும். நடுவே ஓர் இடைவெளி இல்லாவிட்டால் கம்ப்ரஸர் படபடவென்று அடித்துக்கொள்ளும். அதேபோல 20-க்குக் கீழே போனால் எச்சரிக்கை. ஆனால் இருப்பு 25-ஐத் தொட்ட பிறகுதான் அடுத்த எச்சரிக்கைக்கு அனுமதி. மெக்கானிக்கல் நண்பர்கள் படிக்கும் பாடம் டேட்டாபேஸுக்கும் உதவுகிறது பாருங்கள்.

மெயிலில் என்ன எழுதுவது? எந்தப் பொருள், இப்போது எவ்வளவு, எல்லை எவ்வளவு, எப்போது நடந்தது, படிப்பவர் என்ன செய்ய வேண்டும் - இந்த ஐந்தும் இருந்தால் போதும். 'எர்ரர் ஏற்பட்டுள்ளது' என்று மொட்டையாக வரும் மெயிலால் யாருக்கும் லாபமில்லை. ஊழியர் விவரம், பாஸ்வேர்டு போன்றவற்றை மெயிலில் சேர்க்கவே கூடாது.

8. 2017 ஜனவரி 31

இப்போது மூன்றாவது கேள்வி: போய்ச் சேர்ந்ததா?

புரோகிராமர்கள் தங்கள் கோடை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் தளம் கிட்லேப். அதன் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். 2017 ஜனவரி 31 இரவு, இரண்டாம் சர்வருக்கு நகல் எடுக்கும் வேலை தடைப்பட்டதைச் சரிசெய்ய ஓர் இன்ஜினியர் முயன்றுகொண்டிருந்தார். இரண்டாம் சர்வரின் டேட்டா டைரக்டரியை அழிப்பதாக எண்ணி, முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடிகளில் தெரிந்து நிறுத்தினார். அதற்குள் ஏறக்குறைய 300 ஜி.பி. போய்விட்டது.

தவறு யாருக்கும் நேரும், அதற்குத்தானே பேக்கப்? போய்ப் பார்த்தால் பேக்கப் வைக்கும் இடம் காலி. டேட்டாபேஸ் இருந்தது 9.6 பதிப்பில். பேக்கப் எடுக்கும் புரோகிராமோ 9.2 பதிப்பாக ஓடிக்கொண்டிருந்தது. பதிப்பு பொருந்தாததால் அது எர்ரர் சொல்லிவிட்டு நின்றுபோயிருந்தது.

எர்ரர் வந்தால் மெயில் வரும்படி ஏற்பாடு இருந்ததா? இருந்தது! அதுதான் இங்கே நமக்குப் பாடம். கிரான் வேலை தோற்றால் மெயில் போகும்படி வைத்திருந்தார்கள், மெயிலும் கிளம்பியது. ஆனால் அந்த நிறுவனம் டிமார்க் என்ற பாதுகாப்பு முறையைப் பின்பற்றியது. இந்தப் பெயரில் வரும் மெயில் உண்மையில் எங்களிடமிருந்துதான் வந்ததா என்று சரிபாருங்கள், இல்லாவிட்டால் இப்படிச் செய்யுங்கள் என்று பெறுகிற சர்வர்களுக்குச் சொல்லிவைக்கும் முறை அது. 2015-ல் ஆர்.எப்.சி. 7489 ஆக வெளியானது. கிரான் மெயில்களுக்கு அந்த ஏற்பாடு செய்யப்படவில்லை. ஆகவே பெறுகிற சர்வர் அவற்றை மறுத்துவிட்டது. எச்சரிக்கைகள் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அவர்களைக் காப்பாற்றியது, சோதனைக்காக ஓர் இன்ஜினியர் சுமார் 6 மணி நேரம் முன்பு கையால் எடுத்துவைத்திருந்த ஒரு நகல். அதை வைத்து மறுநாள் தளத்தை மீட்டார்கள். இடைப்பட்ட ஆறு மணி நேர விவரங்கள் போனது போனதுதான். குறைந்தது 5,000 புராஜெக்ட் விவரங்கள், 5,000 கருத்துகள், சுமார் 700 புதிய பயனாளர் கணக்குகள் பாதிக்கப்பட்டன என்று அந்த நிறுவனமே பின்னர் வெளிப்படையாக அறிவித்தது. மறைக்காமல் எல்லோருக்கும் சொன்னதால்தான் இன்று நாம் இதைப் பாடமாகப் படிக்க முடிகிறது.

இந்தச் சரிபார்ப்பு இப்போது இன்னும் கடுமையாகிவிட்டது. 2024 பிப்ரவரி முதல் கூகுள், யாஹூ இரண்டும் தங்களுக்கு மெயில் அனுப்புவோரிடம் எஸ்.பி.எப்., டி.கே.ஐ.எம். போன்ற அடையாளச் சான்றுகளைக் கட்டாயப்படுத்தத் தொடங்கின. ஒரு மூலையில் இருக்கும் சர்வரிலிருந்து நேராக மெயில் விட்டால் அது திருப்பி அனுப்பப்படவே வாய்ப்பு அதிகம். நிறுவனத்தின் முறையான மெயில் சர்வர் வழியாகவே அனுப்ப வேண்டும்.

9. மௌனம் நலம் ஆகாது

'மெயில் வரவில்லை, ஆகவே எல்லாம் நலம்' என்று நாம் நினைக்கிறோம். மெயில் வராததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். கோளாறு இல்லை என்பது ஒன்று. கோளாறைச் சொல்பவரே விழுந்துவிட்டார் என்பது இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

வெளியூரில் தங்கிப் படிக்கும் நம்மில் பலரிடம் வீட்டில் கேட்டுக்கொள்வது என்ன? 'ஏதாவதுன்னா போன் பண்ணு' என்பதோடு நிறுத்தமாட்டார்கள். 'வாரம் ஒருமுறை பண்ணு' என்பார்கள். போன் வராவிட்டால் அவர்களே விசாரிக்கக் கிளம்புவார்கள். இந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும்.

தினம் காலை ஒரு சிறிய மெயில்: நேற்று எத்தனை எச்சரிக்கை, எத்தனை அனுப்பியாச்சு, எத்தனை தோல்வி, எத்தனை காத்திருப்பில், கடைசி பேக்கப் எப்போது, அதன் அளவு எவ்வளவு. பேக்கப்பின் அளவு பூஜ்யம் என்று வந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். அந்த மெயில் வராவிட்டாலும் ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடும். மனிதர் மறந்துபோவார் என்பதால், அந்த மெயில் வந்ததா என்று கவனிக்க வேறு ஒரு மெஷினில் ஒரு சின்ன புரோகிராம் இருந்தால் இன்னும் நல்லது. எச்சரிக்கை டேபிளில் அரை மணிக்கு மேல் காத்திருக்கும் வரிகள் எத்தனை என்று அது கேட்டால் போதும். அது செய்தி சொல்லும் வழி மட்டும் மெயிலாக இல்லாமல் எஸ்.எம்.எஸ். ஆகவோ, கவுண்டரில் ஒரு சிவப்பு விளக்காகவோ இருக்கட்டும்.

10. வைவாவுக்கு உதவும் சில கேள்விகள்

கேள்வி: டிரிகரில் நேரடியாக ஏன் மெயில் அனுப்பக் கூடாது?
பதில்: மெயிலுக்கு ரோல்பேக் இல்லை. மெயில் சர்வரின் தாமதமும் தோல்வியும் டிரான்சாக்‌ஷனைப் பாதிக்கும்.

கேள்வி: 450-க்கும் 550-க்கும் என்ன வித்தியாசம்?
பதில்: முதலாவது தற்காலிகம், மீண்டும் முயலலாம். இரண்டாவது நிரந்தர மறுப்பு, மனிதர் பார்க்க வேண்டும்.

கேள்வி: 250 வந்தால் மெயில் சேர்ந்துவிட்டதா?
பதில்: அடுத்த சர்வர் பொறுப்பேற்றது, அவ்வளவுதான்.

கேள்வி: தேதி தாண்டியதற்கு டிரிகர் போதுமா?
பதில்: போதாது. நேரப்படி ஓடும் வேலை தேவை.

கேள்வி: எச்சரிக்கை முறை உயிரோடு இருக்கிறது என்று எப்படி அறிவது?
பதில்: அது தினமும் 'நலம்' என்று சொல்ல வேண்டும். சொல்லாத நாளில் நாம் போய்ப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, லேபில் செய்து பார்க்க ஒரு வேலை. மேலே சொன்ன இரண்டு டேபிளையும் போட்டு, தபால்காரர் புரோகிராமையும் எழுதி, எல்லாம் ஓடுகிறது என்று திருப்தி வந்ததும், லேப் பொறுப்பாளரின் அனுமதியோடு மெயில் சர்வரை நிறுத்திவிடுங்கள். பிறகு பத்துப் பொருள்களின் இருப்பைக் குறையுங்கள். ஸ்டோர் பதிவு தடையில்லாமல் நடக்கிறதா, பத்து வரிகளும் காத்திருப்பில் நிற்கின்றனவா, சர்வரைத் திரும்ப ஆன் செய்ததும் பத்தும் போகின்றனவா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சர்வர் நின்றிருந்த அந்த நேரத்தில் அது யாருக்காவது தெரிந்ததா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.